ரைட்டர் மேசையில் ஒரு செல்போன்: நீலகிரியில் நடந்த விசாரணை பற்றிய நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்டவர்களின் பெயர், ஊர், காவல் நிலையம், அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாம் தவிர்க்கப்பட்டுள்ளன. குறிப்பிடப்படும் சட்டப் பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டம்) சட்டத்தைச் சேர்ந்தவை, வேறு சட்டம் என்றால் அதன் பெயர் கூடவே இருக்கும். தேவையான இடங்களில் மட்டும் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் (கு.வி.மு.ச.) எண் தரப்பட்டுள்ளது.

## பின்னணி

2025 பிப்ரவரி. நீலகிரியில் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட வைக்கும் தொட்டிகளுக்குக் காற்றுத் தள்ளும் விசிறிகளின் மோட்டார்கள் இரண்டு, காயில் கட்ட அனுப்புவதற்காகப் பின்புறத் திறந்த கொட்டகையில் கிடந்தன. ஒரு நாள் காலையில் பார்த்தால் இரண்டையும் காணோம். மோட்டாரின் மதிப்பே உள்ளே இருக்கும் செம்புக் கம்பியில்தான் இருக்கிறது. புகாரின் பேரில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் சட்டம்) 303(2) பிரிவில் திருட்டு வழக்கு பதிவானது. குற்றவாளி பெயர் தெரியாது என்றது முதல் தகவல் அறிக்கை.

அந்தத் தொழிற்சாலைக்குச் சிறு விவசாயிகளிடமிருந்து இலை ஏற்றி வரும் பிக்கப் வண்டியின் டிரைவர் 27 வயது இளைஞர். லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) தாயுடனும் தம்பியுடனும் இருப்பவர். திருட்டு நடந்த வாரத்தில் மலையடிவாரத்துப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் அவர் இரண்டு முறை போனில் பேசியிருந்தார். வண்டியின் தேய்ந்த டயர்களை விற்பதற்காகப் பேசியது அது. போலீஸுக்குத் தெரிந்ததோ அழைப்புப் பட்டியல் மட்டுமே. சந்தேகம் வர அது போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவரிடம் இருந்தது ஒரே ஆண்ட்ராய்டு போன், இரண்டு சிம். ஒரு சிம் தாயின் ஆதாரில் வாங்கியது. ஒவ்வொரு விவசாயியின் இலைச் சீட்டையும் படம் எடுத்து அதில்தான் வைத்திருந்தார். மாதக் கடைசியில் எடைக் கணக்கு தீர்ப்பது அந்தப் படங்களை வைத்து. டீசல் காசு வருவது ஜிபேயில். போன் போனால் வண்டியும் நின்றுவிடும் என்ற நிலை.

## முதல் நாள் மாலை

மாலை 5.30 மணிக்கு ஸ்டேஷனிலிருந்து அழைப்பு. "ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போப்பா." நோட்டீஸ் எதுவும் வரவில்லை. தனியாகப் போனார்.

உள்ளே போனதும் போனை ரைட்டர் (நிலையத்தின் எழுத்து வேலை பார்க்கும் காவலர்) மேசையில் வைக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) அதை எடுத்து, "விரலை வை" என்றார். வைத்தார். எஸ்.எஸ்.ஐ. கேலரியையும் வாட்ஸ்அப்பையும் புரட்டினார். இரும்புக் கடைக்காரருடன் நடந்த உரையாடலைத் தன் சொந்த செல்போனில் மூன்று படங்கள் எடுத்துக்கொண்டார். "எவ்வளவுக்குப் போகும்?" "வந்து பாரு, பேசிக்கலாம்" என்று இருந்த அந்த உரையாடலில் டயர் என்ற சொல்லே இல்லை. டயரின் படம் மட்டும் அதற்கு முந்தைய வாரத்துச் செய்தியில் இருந்தது. மேலே தள்ளிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், யாரும் தள்ளிப் பார்க்கவில்லை.

இரவு 10 மணிக்கு, "காலையில வா, போன் இங்க இருக்கட்டும்" என்று அனுப்பினார்கள். ரசீது இல்லை, மகஜர் (கைப்பற்றிய பொருளை விவரித்து எழுதும் பதிவு) இல்லை. போன் அணைக்கப்படாமல் மேசையிலேயே இருந்தது, வரும் அழைப்புகளுக்கு மணியும் அடித்துக்கொண்டிருந்தது. கடைசி பஸ் போய்விட்டதால் காட்டெருமை இறங்கும் தேயிலைச் சரிவு வழியே டார்ச் கூட இல்லாமல் நடந்து வீடு சேர்ந்தார். மலைப்பகுதியில் ஒருவரை எத்தனை மணிக்கு வெளியே அனுப்புகிறார்கள் என்பதும் விசாரணையில் சேர்ந்ததுதான்.

அந்த மாலையில் நடந்தவற்றைச் சட்டப்படி பிரித்துப் பார்க்க வேண்டும். வரச் சொன்னது 35(3) பிரிவின்படியா (பழைய 41ஏ), 179 பிரிவின்படியா (பழைய 160) என்று யாரும் சொல்லவில்லை. முன்னது சந்தேகிக்கப்படுபவருக்கு, பின்னது சாட்சிக்கு. இரண்டுமே எழுத்தில் வர வேண்டியவை. 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருந்தது. இங்கே வாட்ஸ்அப் கூட இல்லை, வாய்மொழிதான். போனை வாங்கியது 106 பிரிவின்படி (பழைய 102) என்றால் உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை போயிருக்க வேண்டும். 105 பிரிவின்படி ஒலி–ஒளிப் பதிவும் இருந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. எஸ்.எஸ்.ஐ. எடுத்த மூன்று படங்களைச் சாட்சியமாக்க வேண்டுமானால் பி.எஸ்.ஏ. (பாரதிய சாட்சிய சட்டம்) 63 பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்று தேவை. சொந்தப் போனில், கணக்கில் வராத நேரத்தில் எடுத்த படத்துக்கு அந்தச் சான்றை எழுதித் தருவது எளிதல்ல.

## இரவில் எடுத்த முடிவுகள்

வீட்டில் தம்பி ஒரு யோசனை சொன்னார். அண்ணனின் கூகுள் கணக்கு அவர் டேப்லெட்டிலும் இருந்தது. தொலைவிலிருந்தே போனை அழித்துவிடலாம் என்றார். 15100 சட்ட உதவி எண் வழியாகத் தொடர்புக்கு வந்த தன்னார்வலர் முதலில் தடுத்தது இதைத்தான். அழித்திருந்தால் திருட்டு வழக்கு நிற்காவிட்டாலும், சாட்சியத்தை மறைத்ததாக பி.என்.எஸ். 238 பிரிவில் தனி வழக்கு நின்றிருக்கும். டயர் படமும் சேர்ந்தே போயிருக்கும்.

அதே காரணத்தால் வேறு சிலவும் தள்ளிவைக்கப்பட்டன. போன் காணாமல் போனதாக சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் பதிந்து ஐ.எம்.இ.ஐ.-யை (போனின் தனி அடையாள எண்) முடக்குவது பொய்ப் புகாராகிவிடும். இன்னொரு போனில் அதே எண்ணில் வாட்ஸ்அப் போட்டால் பழைய போனில் அது வெளியேறிவிடும், யாரோ கைவைத்த மாதிரி தெரியும். டூப்ளிகேட் சிம்மும் பறிமுதல் எழுத்தில் பதிவான பிறகு, விசாரணை அதிகாரிக்குக் கடிதம் கொடுத்துவிட்டு வாங்குவது என்று முடிவானது. அன்றிரவே செய்தது ஒன்றே ஒன்று: வங்கியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து யு.பி.ஐ.-யை நிறுத்தியது. மேசையில் திறந்து கிடக்கும் போனில் பணம் இருக்கிறது என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது.

முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலிருந்து எடுத்தார்கள். 24 மணி நேரத்துக்குள் அதைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் வந்த உத்தரவு. இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை தளர்வு உண்டு. மலையில் இந்தத் தளர்வை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தேட வேண்டும். பிரிவு 303(2), அதிகபட்சம் மூன்றாண்டு என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வழக்கறிஞரால் அடுத்த அடியைத் தீர்மானிக்க முடிந்தது. ஏழாண்டு வரையிலான குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது, ஏன் தேவை என்று எழுத வேண்டும் என்பதுதான் அர்னேஷ் குமார் தீர்ப்பு (2014) தொடங்கி இன்று 35 பிரிவு வரை உள்ள நிலை.

## இரண்டாம் நாள்: கொடுப்பதும் திறப்பதும்

காலையில் வழக்கறிஞருடன் போனார். வழக்கறிஞர் எடுத்த நிலைப்பாட்டை இரண்டாகப் பிரிக்கலாம்: போனைக் கொடுப்பதை மறுக்கவில்லை, திறந்து கொடுப்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

கொடுப்பதை மறுக்காததற்குக் காரணம் உண்டு. அரசியலமைப்பின் 20(3) தன்னைத் தானே குற்றவாளியாக்கும் சாட்சியத்திலிருந்து காக்கிறது. பொருளைக் கைப்பற்றுவதை அது தடுக்காது. கதி காலு ஓகாட் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு 1961-லேயே இந்தக் கோட்டைக் கிழித்துவிட்டது. ஒரு நுணுக்கம்: "கொண்டுவந்து கொடு" என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கே 94 பிரிவில் (பழைய 91) ஆணையிட முடியாது, ஷியாம்லால் சோக்சி தீர்ப்பு அப்படி. ஆனால் 106-ல் நேரடியாகக் கைப்பற்றலாம், 185-ல் தேடலாம். ஆகவே போனை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றால் கிடைப்பது வீட்டுச் சோதனை மட்டுமே.

திறப்பது வேறு கதை. பாஸ்வேர்ட் மனதில் இருப்பது, அதைச் சொல்வது வாக்குமூலத்துக்கு நிகர் என்பது ஒரு வாதம். டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் 2022-ல் அதை ஏற்றது, ஆனால் விரல்ரேகை, முகம் ஆகியவற்றைக் கேட்கலாம் என்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் விரேந்திர கன்னா வழக்கில் (2021) பாஸ்வேர்ட் தருவது சாட்சியம் ஆகாது என்று சொல்லி, கூடவே போனுக்குள் தேட நீதிமன்ற வாரண்ட் முறைகளையும் வகுத்தது. இவை எதுவும் தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தும் முடிவல்ல. கேள்வி திறந்தே இருக்கும்போது, ரைட்டர் மேசையில் வைத்து அதற்கு விடை தேடத் தேவையில்லை. வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த வரி இதுதான்: "பூட்டைத் திறப்பது பற்றி மாண்பமை மாஜிஸ்திரேட் பிறப்பிக்கும் ஆணைக்குக் கட்டுப்படுவேன்." மறுப்பு என்ற சொல்லைத் தவிர்த்தார். "ஒத்துழைக்கவில்லை" என்று கேஸ் டைரியில் (விசாரணை அதிகாரியின் அன்றாடக் குறிப்பு) எழுத இடம் தராமல் இருக்கவே இந்த வாக்கியம்.

## மகஜர்

அன்று காலை போனுக்கு மகஜர் எழுதப்பட்டது. முதலில் ஏட்டு எழுதிய வரி: "கருப்பு நிற செல்போன் 1." இப்படி எழுதிய போன் ஆறு மாதம் கழித்து வேறு போனாகத் திரும்பி வந்தாலும் கேட்க முடியாது. வழக்கறிஞர் கேட்டுக்கொண்டபின் சேர்க்கப்பட்டவை: கம்பெனி, மாடல்; இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் (வீட்டிலிருந்து கொண்டுபோன அட்டைப்பெட்டியிலிருந்து பார்த்து எழுதியது). இரண்டு சிம்களின் எண்கள். மெமரி கார்டு இல்லை என்பது. திரையின் இடது மேல்முனையில் விரிசல். அணைக்கப்பட்ட நிலையில் துணி உறையிலிட்டு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது என்பது. தரவு எதுவும் எடுக்கப்படவில்லை என்பது.

அணைத்து வைக்கச் சொன்னதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு போனை அணைத்துத் திரும்பப் போட்டால் முதல் முறை பேட்டர்ன் அல்லது பின் கேட்கும், விரல்ரேகை எடுபடாது. முந்தைய மாலை நடந்தது மறுபடி நடக்காமலிருக்க அது உதவும். தடயவியல் நிபுணர்கள் போனை ஓடும் நிலையிலேயே, சிக்னல் புகாத உறையில் வைக்க விரும்புவார்கள். அந்த உறை நிலையத்தில் இல்லை. எனவே எஸ்.ஐ.யும் ஒப்புக்கொண்டார்.

தகராறு ஒரே இடத்தில்தான் வந்தது. முந்தைய நாள் மாலையே போன் வாங்கப்பட்டதை மகஜரில் எழுத எஸ்.ஐ. மறுத்தார். அன்று காலை 11 மணிக்குக் கைப்பற்றியதாகவே இருக்கட்டும் என்றார். அதை வைத்து வாக்குவாதம் வளர்க்காமல், கையெழுத்துக்குக் கீழே டிரைவர் தன் கையாலேயே எழுதினார்: "இந்தப் போனை நேற்று மாலை 6 மணிக்கே நிலையத்தில் ஒப்படைத்தேன். நேற்று திறந்து பார்க்கப்பட்டது." எழுதிய பிறகு நகலைப் படம் எடுக்க விட்டார்கள். 105 பிரிவின்படி வீடியோ எடுக்கச் சொன்னபோது சிக்னல் இல்லை என்றார்கள். சட்டம் கேட்பது பதிவைத்தான், சிக்னலை அல்ல என்று எடுத்துச் சொன்னபின் ஒரு காவலரின் போனில் பதிவானது.

அன்றே மூன்று கடிதங்கள் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் போயின: மாஜிஸ்திரேட்டுக்கு, காவல் கண்காணிப்பாளருக்கு, நிலைய ஆய்வாளருக்கு. குற்றச்சாட்டு தொனியில் ஒரு வரி கிடையாது. நடந்தது நேரவாரியாக, கடைசியில் ஒரு கோரிக்கை: முதல் நாள் மாலை 5.30 முதல் இரவு 10.30 வரை நிலைய சிசிடிவி பதிவைப் பாதுகாக்க வேண்டும். பரம்வீர் சிங் சைனி வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் காவல் நிலையங்களில் ஒலியுடன் கூடிய கேமராவையும் 18 மாதம் பதிவைச் சேமிப்பதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாமா என்ற பேச்சு வந்தது. அடி, வசவு எதுவும் இல்லாத நிலையில், காகிதமே போதும் என்று விட்டுவிட்டார்கள். சரியான முடிவாகவே தெரிகிறது. இந்தக் கடிதத்துக்குப் பிறகு மாலையில் "வந்துட்டுப் போ" அழைப்புகள் நின்றன, எழுத்தில் 35(3) நோட்டீஸ் வந்தது.

## விசாரணையும் தாயின் வாக்குமூலமும்

நோட்டீஸின்படி நடந்த விசாரணையில் வழக்கறிஞர் கண்ணில் படும் தூரத்து பெஞ்சில் இருந்தார், பேச்சு காதில் விழாது. 38 பிரிவு (பழைய 41டி) தரும் உரிமை கைதானவருக்கு, அதுவும் விசாரணை முழுவதற்கும் அல்ல. கைதாகாத இவருக்கு நந்தினி சத்பதி தீர்ப்பைச் (1978) சொல்லித்தான் அனுமதி கேட்டார்கள். டிரைவர் டயர் விற்றதைச் சொன்னார், தேதியைச் சொன்னார். தெரியாததற்கு "தெரியாது" என்றார். தன்னைச் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று 180(2) சொல்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டிய கேள்வி எதுவும் வரவில்லை.

ஒரு சிம் தாயின் பெயரில் இருந்ததால் அவரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று 179 பிரிவு சொல்வதைக் கடிதமாகக் கொடுத்தபின், பெண் காவலருடன் எஸ்.ஐ. லயன் வீட்டுக்கே வந்தார். எழுதி முடித்து, "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றார். தாய், "வக்கீல் ஐயா போட வேண்டாம்னு சொன்னாரு சார்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். 181 பிரிவின்படி அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. எஸ்.ஐ.யும் அதற்கு மேல் கேட்கவில்லை.

## போன் திரும்பியது

இரண்டு வாரத்தில் வழக்கு வேறு பக்கம் திரும்பியது. மலைப்பாதைச் சோதனைச் சாவடியின் கேமராவும் இரும்புக் கடைக் கணக்குப் புத்தகமும் வேறு இருவரைக் காட்டின. மோட்டார்களின் செம்பு அவர்களிடமிருந்து வந்தது. ஆனால் போன் வரவில்லை. ஆய்வகத்துக்கும் போகவில்லை, நிலைய அலமாரியிலேயே இருந்தது.

503 பிரிவில் (பழைய 457) இடைக்காலமாகத் திருப்பித் தரக் கோரி மனு போடப்பட்டது. இணைத்தவை: போன் வாங்கிய பில், ஐ.எம்.இ.ஐ. தெரியும் அட்டைப்பெட்டியின் படம், மகஜர் நகல், தொழில் பாதிப்பைக் காட்டும் இலை ஏஜெண்டின் கடிதம். அரசுத் தரப்பு விசாரணை நிலுவை என்று ஆட்சேபித்தது. நிலைய அலமாரியில் பொருள் கிடந்து கெடக் கூடாது என்ற சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் தீர்ப்பையும் (2002), பொருளைப் படமெடுத்து விரைவில் தீர்வுசெய்ய நாள் குறிக்கும் 497 பிரிவையும் வழக்கறிஞர் காட்டினார். மாஜிஸ்திரேட் உத்தரவின்படி போன் படிவம் 95 (பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைக்கும் படிவம்) வழியாக நீதிமன்றத்துக்கு வந்து, படமெடுக்கப்பட்டு, 10,000 ரூபாய் சொந்தப் பிணைப் பத்திரத்தின் பேரில் தரப்பட்டது. விற்கக் கூடாது, ரீசெட் செய்யக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்பவை நிபந்தனைகள். போன் கையை விட்டுப் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. குற்றப்பத்திரிகையில் டிரைவர் அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஒருவர்.

இடைப்பட்ட காலத்தில் இலைச் சீட்டுப் படங்கள் இல்லாமல் பதினொரு விவசாயிகளுடன் கணக்குத் தகராறு. தொழிற்சாலையின் எடைப் பதிவேட்டை வைத்து எட்டுப் பேருடன் தீர்ந்தது. மூன்று பேருக்குக் கையிலிருந்து கொடுத்தார். டூப்ளிகேட் சிம் வாங்கத் தாயே ஆதாருடன் டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. புது சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பதால் வங்கி ஓடிபி மறுநாள்தான் கிடைத்தது.

## என்ன மாறியிருக்க வேண்டும்

பெரிய சேதம் முதல் நாள் மாலை 6 மணிக்கும் 10 மணிக்கும் இடையில்தான். அழைப்பு வந்தபோதே "எந்த வழக்கு, எந்தப் பிரிவு நோட்டீஸ் சார்?" என்று கேட்டு, வீட்டில் நேரத்தை எழுதி வைத்து, ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். துணைக்கு வருபவர் உள்ளே வரத் தேவையில்லை, வாசலில் நிற்பது போதும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஆரம்பத்திலேயே அதிகாரியிடம் சொல்லி வைப்பது நல்லது. விரலை வைக்கச் சொன்ன இடத்தில் "கோர்ட் ஆர்டர் வந்தா திறந்து தரேன் சார்" என்ற ஒரே வாக்கியத்துக்கு மேல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. சொல்லத் தைரியம் வராது என்பதும் உண்மை. ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே போனை அணைத்துவிட்டால், விரல் தானாகவே பயனற்றுப் போகும்.

503 மனுவை, வேறு இருவர் சிக்கிய வாரத்திலேயே போட்டிருக்கலாம். ஆய்வகத்துக்குப் போன் போய்விட்டதா என்று தகவல் கேட்டுக் காத்திருந்ததில் மூன்று வாரம் கழிந்தது. அதை மனுவிலேயே கேட்டு, மாஜிஸ்திரேட் முன் அரசுத் தரப்பைப் பதில் சொல்ல வைப்பது விரைவு.

வண்டி ஓட்டுபவர்கள், இலை ஏஜெண்டுகள், கூலிக் கணக்கு வைப்பவர்கள் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (*#06# அழுத்தினால் தெரியும்) ஒரு தாளில் எழுதி வீட்டில் வைக்கட்டும். எடைச் சீட்டை வாரத்துக்கு ஒருமுறை வேறொரு போனுக்கோ நோட்டுக்கோ மாற்றட்டும். சிம் யார் பெயரில் என்பதைப் பார்த்து, முடிந்தால் சொந்தப் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும். போன் திரும்ப வரும் நாளில் நீதிமன்ற அறையிலேயே உறையின் முத்திரையை மகஜருடன் ஒப்பிட்டு, ஐ.எம்.இ.ஐ. பார்த்து, முத்திரை உடைந்திருந்தால் வாங்கும் கையெழுத்துக்குக் கீழேயே அதை எழுத வேண்டும். இந்த நிகழ்வில் முத்திரை உடையவில்லை, பேட்டரி மட்டும் முழுதாக இறங்கியிருந்தது.